பேட்டரியை மட்டும் விசாரிப்பவர்

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது இது. மலேசியாவில், கேமரன் மலையில், தானா ராத்தா டவுனுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். நாங்கள் என்று எழுதுவது பழக்கதோஷம். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். மகள் ஈப்போவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை இருக்கும்வரைதான் நமக்கு, நமக்கென்று ஒரு கூரை வேண்டாமா என்று சொல்லிவிட்டுப் போனவர். பெருநாள் லீவுகளில்தான் வருவார். வந்த வேகத்தில் திரும்பிவிடுவார்.

நான் தோட்டத்தின் அந்தப் பக்கம், சுற்றுலாக்காரர்களுக்கு டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் காலையில் தோட்டத்து லோரி வரும்வரை பனியில் நின்றுகொண்டிருப்பேன். அதைப் பார்த்துத்தான் ஒரு லீவில் வந்தபோது மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். எனக்கு அப்போது ஓட்டவே தெரியாது. அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் தேயிலை ஆலைக்கு முன்னால் உள்ள மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினேன், லைசென்ஸும் எடுத்தேன். ஆகவே, நான் ஸ்கூட்டர் ஓட்டி அவர் அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அந்த ஸ்கூட்டர் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு சக்களத்தி வந்த மாதிரி ஆகிவிட்டது. அது ஸ்கூட்டரின் பேட்டரி.

என் கணவர் நல்ல மனுஷர். ஆனால் பேசத் தெரியாதவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் தவறாமல் போன் அடிப்பார். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் லைன் கிடைக்கும். நானும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கே போய் நிற்பேன். நாள் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று காட்டிக்கொள்ளாமல், சும்மா எடுப்பதுபோல எடுப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி வரும்.

"பேட்டரி எப்படி இருக்கு?"

ஏற்றம் ஏறி வந்ததும் சூடாக இருக்குமே, ஆறவிட்டாயா? பனியில் ஈரம் இறங்கியிருக்குமே, சார்ஜ் குத்தும் வாயைத் துணியால் துடைத்தாயா? மரப்பலகையில் வைத்தாயா, தரையில் வைத்தாயா? அடுப்புப் பக்கம் வைக்காதே. தூங்கப் போகும்முன் பிடுங்கிவிடு. முழுதாக நிரப்பாதே, ஒரு கட்டம் குறைவாகவே வை. இப்படியே போகும். பிறந்த பிள்ளையை விட்டுவிட்டுப் போன தகப்பன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்.

ஒரு தடவை குளிர் ரொம்ப அதிகமாக இருந்தது. பாவம் அதற்கும் குளிருமே என்று, சார்ஜில் இருந்த பேட்டரிமேல் ஒரு கம்பளியைப் போர்த்திவைத்தேன். எங்கள் மலையில் தயிர்ப் பானைக்கும் அப்படித்தான் செய்வோம், இல்லாவிட்டால் உறையாது. வீடியோ கோலில் அதைப் பார்த்துவிட்டு மனுஷர் பதறிப்போனார். சூடு வெளியே போகாது, எரிந்தாலும் எரிந்துவிடும், உடனே எடு என்று ஒரே சத்தம். எடுத்தேன். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உனக்குக் குளிருதான்னு ஒரு நாளாச்சும் என்னையக் கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

"சரி, வச்சிடறேன்" என்றார். அன்று இரவு அந்தக் கம்பளியை நானே போர்த்திக்கொண்டு அழுதேன்.

அவர் அதிகம் பேசாதவர் என்பதால், எப்போதாவது வாய் தவறி வருகிற வார்த்தை என் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். அப்படி ஒன்று. முந்தின லீவு முடிந்து போன பிறகு ஒரு நாள், பஸ் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார். தானா ராத்தாவில் பஸ் நின்றதும் எல்லாருக்கும் யாராவது வந்து நிற்கிறார்களாம். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார்களாம். இவர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லோரி எங்கே நிற்கிறது என்று தேடுவாராம். வருத்தமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போய் நின்றதில்லை. அவர் வரும் நாளில் கோழிக்குழம்பு வைப்பதில்தான் குறியாக இருந்திருக்கிறேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த தடவை அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவருக்கென்று ஒரு ஆள் நிற்கவேண்டும். அதுவும் அவர் வாங்கிக்கொடுத்த ஸ்கூட்டரில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஜம்மென்று நிற்கவேண்டும். அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் தடுத்துவிடுவார்.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் பஸ் வரும். கடையில் லீவு சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது அவரையும் பையையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறவேண்டுமே, பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் என் மானம் என்ன ஆவது? காலையில் எழுந்ததும் சார்ஜ் போட்டேன். வழக்கம்போல ஒரு கட்டம் குறைவாக நிறுத்தவில்லை. பச்சை விளக்கு எரியும்வரை விட்டு, அதற்கப்புறமும் பிடுங்காமல், கிளம்பும்போதுதான் பிடுங்கினேன்.

எங்கள் மலைக்காரர்கள் எல்லாருக்குமே இந்தக் குணம் உண்டு. மழை வலுத்தால் மண் சரிந்து ரோட்டை மூடிவிடும். எப்போது திறக்கும் என்று தெரியாது. அதனால் அரிசி டின், கேஸ் தொம்பு, தண்ணீர் டிரம் என எதையும் குறையாக வைக்க எங்களுக்கு மனம் வராது. ஒரு கட்டம் குறைவாக வை என்று அவர் சொன்னபோதெல்லாம், பேட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் நிரப்பினால் என்ன குடி முழுகிவிடும்?

புதுப் புடவை கட்ட ஆசைதான், ஸ்கூட்டருக்கு ஒத்துவராது. அவருக்குப் பிடித்த பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஒரே இறக்கம். இரண்டு பக்கமும் தேயிலை, வளைவுக்கு மேல் வளைவு. அந்த ஸ்கூட்டரில் எனக்குப் பிடித்ததே இறக்கம்தான். முறுக்கிய கைப்பிடியைத் தளர விட்டதும் பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி தானாகவே வேகம் குறையும். பிரேக்கைத் தொடவேண்டிய வேலையே அவ்வளவாக இருக்காது. அப்படித்தான் ஓட்டிப் பழகியிருந்தேன்.

முதல் வளைவு தாண்டியதும் கைப்பிடியை விட்டேன். வண்டி குறையவில்லை. இன்னும் வேகமாகப் போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் முறுக்கி, மறுபடியும் விட்டேன். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி அது பாட்டுக்கு ஓடியது. பிரேக் நினைவுக்கு வந்தபோது அடுத்த வளைவு முன்னால் நின்றது. பாசி பிடித்த ரோடு, ராத்திரி பெய்த மழை ஈரம். இரண்டு கையாலும் அழுத்தினேன். பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அவர் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்புறம் வானம், அப்புறம் தேயிலை.

செடிமேல் விழுந்ததால் பிழைத்தேன். அந்த வளைவின் மற்ற பக்கத்தில் பள்ளம். அந்தப் பக்கம் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

செடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு எழ முடியாமல் கிடந்தபோது, மேலே கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த ஒரு பங்களாதேஷ்காரத் தம்பி ஓடிவந்தார். எங்கள் தோட்டத்தில் இப்போது கொழுந்து வெட்டுபவர்கள் பாதிப் பேர் அவர்கள்தான். முகம் தெரியும், அதற்கு மேல் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால், பேசவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. என் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். கையில் சிராய்ப்பு, முழங்காலில் ரத்தம், சுடிதார் முழுக்கச் சேறு. அவருடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து காயத்தைக் கழுவிவிட்டார். பிறகு ஸ்கூட்டரைச் செடியிலிருந்து இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, வளைந்திருந்த பிரேக் கம்பியை நிமிர்த்தினார்.

பஸ் வரும் நேரம். நான் வருவது அவருக்குத் தெரியாது. வழக்கம்போல லோரியைத் தேடி ஏறிவிடுவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவருக்காக நிற்க ஆசைப்பட்டேன், அதுவும் போச்சே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போனை எடுத்தால் லைன் இல்லை. அந்த வளைவில் என் போன் கம்பெனி லைன் எடுக்காது.

தோட்டத்துக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழும் மலாயும் கலந்து அந்தத் தம்பி கேட்டார். "அக்கா, சாக்கிட்டா? ரொம்ப வலிக்குதா?"

வலிக்கவில்லை, வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார், பஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்று அழுகைக்கு நடுவே சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் 'வருகிறார்' என்பது புரிந்துவிட்டது. உடனே தன் போனை எடுத்து நீட்டினார். அவருடைய லைன் அங்கே எடுத்தது.

மனப்பாடமாக இருந்த நம்பரை அமுக்கினேன். தெரியாத நம்பர் என்பதால் கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தார். பஸ் அப்போதுதான் டவுனுக்குள் நுழைந்துகொண்டிருந்ததாம். "ஏங்க, நான்தான். ஸ்கூட்டர் தேயிலைக்குள்ள விழுந்துடுச்சு" என்றேன்.

"நீ?" என்றார்.

"வண்டிக்கு ஒன்னும் ஆவல. கண்ணாடி மட்டும்தான்..."

"நீ? உனக்கு?" மறுபடியும் அதேதான். குரல் உடைந்திருந்தது. "வண்டி கெடக்குது லா. உனக்கு என்ன ஆச்சு, சொல்லு!"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் தராசில் ஒரு பக்கம் வைத்தால், அந்த 'உனக்கு' ஒன்றே மறுபக்கத்தைத் தாழ்த்திவிடும். எனக்கு ஒன்றும் இல்லை, சிராய்ப்புதான் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அங்கயே இரு. நான் லோரி புடிச்சு வந்துடறேன்."

அப்போதுதான் என் பழைய குணம் திரும்பி வந்தது. "வராதீங்க! நீங்க பஸ் ஸ்டேஷன்லயே நில்லுங்க. நான் கூட்டிட்டுப் போக வரேன். நில்லுங்கன்னா நில்லுங்க லா!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த இறக்கத்தில் மறுபடி வண்டியில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தார். "அக்கா பயப்படாது. நான் புடிக்குது" என்று ஸ்கூட்டரின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டார். பிரேக்கை அழுத்தி அழுத்தி, மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு இறங்கினார். கங்காணி தேடுவாரே என்றேன். தலையை ஆட்டிச் சிரித்தார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் நொண்டிக்கொண்டே நடந்தேன்.

வழியில் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் வீடு இருக்கிறதாம், மனைவி இருக்கிறாராம், ஒரு பெண் குழந்தையாம். கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டேன். குழந்தை பிறந்ததைப் போனில்தான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். குழந்தைக்கு இப்போது என்ன வயது என்றேன். கையைத் தன் இடுப்புக்கு நேராக நீட்டி, இவ்வளவு உயரம் என்று காட்டினார்.

பெரிய ரோடு வந்ததும் சமதளம். ஸ்கூட்டரை என் கையில் கொடுத்துவிட்டு, "பெலான் பெலான் அக்கா" என்றார். மெதுவாக, மெதுவாக. அப்படியே திரும்பி மலை ஏறத் தொடங்கினார். நன்றி என்று நான் கத்தியது காதில் விழுந்ததா தெரியவில்லை.

தானா ராத்தாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் காலியாக நின்றது. வந்தவர்கள், கூட்டிப்போக வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். என் கணவர் மட்டும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். பையைக் கீழேகூட வைக்கவில்லை. வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்காக நிற்க நினைத்த இடத்தில் அவர் எனக்காக நின்றார். எனக்காக யாரும் அப்படி எங்கேயும் நின்றதில்லை. சேறும் ரத்தமுமாக, ஒரு கண்ணாடி இல்லாத ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். ஜம்மென்று வந்து நிற்கப்போகிறேன் என்று நினைத்த கோலமா அது!

அவர் ஸ்கூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டி வந்தே?" என்றார்.

"நீங்க எறங்கறப்ப யாராச்சும் நிக்கணும்ல" என்றேன்.

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆண்பிள்ளை பஸ் ஸ்டேஷனில் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று நானும் ஹெல்மெட்டைக் கழற்றுவதுபோலப் பாவனை செய்தேன்.

பக்கத்தில் இருந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் என்னை உட்காரவைத்து, நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரிக், சூடாக வாங்கிக்கொடுத்தார். காலையில் சார்ஜை முழுதாக நிரப்பினாயா என்று அப்போதுதான் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. இறக்கத்தில் கைப்பிடியை விட்டால் மோட்டர் கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்குள் திருப்பி அனுப்புமாம். அப்படி அனுப்பும்போதுதான் வண்டியை இழுத்துப் பிடிக்குமாம். பேட்டரி நிரம்பியிருந்தால் உள்ளே இடம் இருக்காது. இடம் இல்லாவிட்டால் வண்டி பிடிக்காது. மலைமேல் இருக்கிறவர்கள் அதனால்தான் ஒரு கட்டம் குறைவாக வைக்கவேண்டும், கீழே இறங்கும்போது அது தானாக நிரம்பிக்கொள்ளும். இத்தனை நாள் பேட்டரி பேட்டரி என்று அவர் அடித்துக்கொண்டதெல்லாம் என் உயிருக்காகத்தான். அந்த மனுஷர் அதை இப்படித்தான் சொல்லுவார் என்று எனக்குத்தான் புரியாமல் போயிருக்கிறது.

கிளம்பும்போது அந்தத் தம்பிக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டோம். என் கணவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மலை ஏறினோம். அந்த வளைவில் தம்பி பழையபடி கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் இறங்கிப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமே வீட்டை விட்டு வந்து உழைப்பவர்கள், அவர்களுக்குள் பேச்சு எதற்கு?

அப்போது தம்பியின் போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி, வீடியோ கோல். எங்களைக் காட்டி, தேயிலையைக் காட்டி, நான் விழுந்த இடத்தைக் காட்டி, அவர் பாஷையில் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். திரையில் அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, சின்ன வயதுப் பெண், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் கையாட்டினேன். அந்த நேரம் பார்த்து, என் தலையில் ஒட்டியிருந்த தேயிலையை என் கணவர் எடுத்துவிட்டார். திரையில் அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவள் கண் என் முகத்தைவிட்டு, என் தலைமேல் இருந்த என் கணவர் கைக்குப் போய்விட்டது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். டீக்கடைக்கு ஜோடி ஜோடியாக வருகிறவர்களை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

அவள் ஏதோ கேட்டாள். தம்பி குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லிவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என்ன கேட்டாங்க தம்பி என்றேன். "எப்ப வருதுன்னு கேக்குது அக்கா" என்று சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு செடிக்குள் போய்விட்டார்.

தீபாவளி முடிந்து என் கணவர் திரும்பிப் போனார். சாயங்காலம் போன் வருகிறது, அதே கேள்வி வருகிறது. எனக்கு இப்போது அதில் குறை ஒன்றும் இல்லை. ஏக்கம் மட்டும் குறையவில்லை, அது குறையாது. அந்தத் தம்பி இன்னும் ஊருக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பத்திரமாக வந்து சேரவேண்டும் என்று விளக்கேற்றிக் கேட்கும்போதெல்லாம், பேர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே கேட்கிறேன். எனக்குக் கிடைத்த ஒரு மத்தியானம் அவளுக்கும் ஒரு நாள் கிடைக்காதா என்கிற தவிப்பு, என் சொந்தத் தவிப்போடு கலந்து இன்றும் நெஞ்சில் இருக்கிறது.